சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்தது யார்?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். 2021ல் நீங்க எல்லாரும் ஒரு சிங்களப் பாட்டை முணுமுணுத்துக்கிட்டே இருந்தீங்க, ஞாபகம் இருக்கா? யோஹானி பாடின 'மெனிக்கே மகே ஹிதே'. ரீல்ஸ் திறந்தா அதுதான், கல்யாண மேடையிலயும் அதுதான். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அதில் ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாது. ஆனா பாடினோம்.

நம்ம வீட்டுப் பெரியவங்க இதை 1970களிலேயே ஒரு தடவை செஞ்சு முடிச்சிட்டாங்க. அவங்க பாடின பாட்டு 'சுராங்கனி'. இன்னைக்கு எபிசோட் அந்தப் பாட்டைப் பத்தியும், அது வந்த கூட்டத்தைப் பத்தியும்தான்.

இந்த எபிசோடுக்குப் பின்னாடி ஒரு நேயர் விருப்பமும் இருக்கு. ரொம்ப நாளா சில பேர் மெயில்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க: "ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் ஆரம்பத்துல பண்ணின ஆல்பங்களைப் பத்திப் பேசுங்க ப்ரோ." அந்த பேண்டை உலகமே கொண்டாட ஆரம்பிச்சது 1991 ஆல்பத்துக்கு அப்புறம். ஆனா 1984ல் வந்த முதல் ஆல்பமும், ஃபங்க் உலகத்தின் பெரிய தலை ஜார்ஜ் கிளிண்டன் தயாரிச்சு 1985ல் வந்த இரண்டாவது ஆல்பமும் வேற ரகம். மெருகு கம்மி, சேட்டை ஜாஸ்தி. நாலு பசங்க ஒருத்தரை ஒருத்தர் கலாய்ச்சுக்கிட்டே வாசிக்கிற மாதிரி இருக்கும். ரசிகர்கள் அதை இன்னும் தேடித் தேடிக் கேட்கிறதுக்குக் காரணமும் அதுதான்.

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு யோசனை வரும். தமிழ்ல இப்படி ஒரு விளையாட்டுக் காலம் இருந்ததா? சினிமாவுக்கு வெளியில, கிட்டாரைத் தூக்கிக்கிட்டு, பேச்சுத் தமிழ்ல, கச்சேரி மரியாதை எதுவும் இல்லாம, சும்மா குஷிக்காகப் பாடி ரெக்கார்டு போட்டாங்களா? போட்டாங்க. ஆனா சென்னையில இல்லை. திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும். அதுக்கு அவங்க வெச்ச பேர் 'பொப் இசை'. நாம 'பாப்'னு எழுதுறதை இலங்கைத் தமிழர்கள் 'பொப்'னு எழுதுவாங்க. துள்ளிசைன்னும் சொல்வாங்க. எனக்கு இந்த இரண்டாவது பேர்தான் ரொம்பப் பிடிக்கும். எதுக்குன்னு அந்தத் தாளத்தைக் கேட்டாலே தெரிஞ்சிடும்.

ஆறு எண்ணுங்க

முதல்ல தாளம். ஃபங்க் அடிப்படையில நாலு எண்ணிக்கை. முதல் அடியில ஓங்கி ஒரு குத்து, மீதி மூணுலயும் விளையாட்டு. இலங்கையின் பைலா ஆறு எண்ணிக்கை. இப்ப நீங்க எங்க இருந்தாலும் சரி, மெட்ரோல இருந்தாலும் பரவாயில்லை, விரலால தொடையில தட்டிப் பாருங்க. ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் சீரா எண்ணிக்கிட்டே ஒன்றிலயும் நாலுலயும் மட்டும் அழுத்துங்க. 'தகிட தகிட'ன்னு வருதா? இப்ப அதே ஆறை எண்ணிக்கிட்டே ஒன்று, மூன்று, ஐந்துல அழுத்துங்க. 'தக தக தக'. எண்ணிக்கை அதேதான், நடை மாறிடுச்சு. பைலாவில் இந்த இரண்டும் ஒரே நேரத்துல ஓடும். ஒரு வாத்தியம் இரண்டாப் பிரிக்கும், இன்னொண்ணு மூணாப் பிரிக்கும். உடம்புக்கு எதைப் பின்பற்றுறதுன்னு தெரியாம இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் போகும். ஆட்டம் அங்கதான் பிறக்குது.

நமக்கு இது ஒண்ணும் அந்நியம் இல்லை. நம்ம ஊர்த் திருவிழா நையாண்டி மேளத்தில் வர்ற திஸ்ர நடை இதுக்குப் பங்காளி முறை. அதனாலதான் பைலாவை முதல் தடவை கேட்கிற தமிழ்க் காதுக்குக்கூட ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்ணு மாதிரி இருக்கும்.

பைலா எப்படி வந்தது? போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தது 1505ல். 'பைலா'ங்கிற பேரே ஆடுவதைக் குறிக்கிற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. அவங்களும், பின்னால வந்த டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் கொண்டு வந்தாங்க. அவங்க வழிவந்தவங்க புத்தளம் பக்கத்தில் சிரம்பியடியில இன்னைக்கும் இருக்காங்க. மட்டக்களப்பின் பறங்கியர் சமூகத்திலும் இந்த ஆட்டமும் பாட்டும் தொடர்ந்தது. ஆப்பிரிக்கத் தாளம், ஐரோப்பிய ஸ்வரக்கோர்வை, இலங்கை மொழிகள். மூணும் சேர்ந்து சமைஞ்சதுதான் பைலா. 1940களில் அதைச் சிங்களத்தில் மேடைப் பாட்டா நிலைநிறுத்தினவர் வாலி பாஸ்டியன்ஸ். போலீஸ் வேலையில இருந்தவர். போலீஸ்காரர் ஒருத்தர் ஒரு நாட்டையே ஆட வெச்சிருக்கார்!

1960கள்ல இதோட கலிப்ஸோ சேர்ந்தது. கரீபியத் தீவுகளின் அந்த இசையை ஹாரி பெலஃபாண்டே தன்னோட 1956 ஆல்பத்தால் உலகம் முழுக்கக் கொண்டு போயிருந்தார். கொழும்பில் கிட்டாரும் கைத்தாளமும் கொண்ட சின்னச் சின்னக் குழுக்கள் முளைச்சது. கிளாரன்ஸ் விஜேவர்தன இருந்த 'மூன்ஸ்டோன்ஸ்' அதில் முக்கியமானது. நம்ம ஆட்கள் உள்ளே நுழையறது இந்தச் சூழல்லதான்.

மாமி வீட்டு வாசலில்

திருகோணமலையைச் சேர்ந்த பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள். யாழ்ப்பாணத்தின் நித்தி கனகரத்தினம். அப்புறம், பொப் இசைச் சக்கரவர்த்தின்னு பட்டம் வாங்கின ஏ.ஈ. மனோகரன். ஈழத்துப் பொப் இசையின் ஆரம்பத்தைப் பேசும்போது இந்தப் பேர்களைத் தாண்டிப் போகவே முடியாது.

நித்தி கனகரத்தினத்தோட 'சின்ன மாமியே' பாட்டை எடுத்துக்கோங்க. அவர் விவசாயம் படிச்சவர். சங்கீத வித்துவான் கிடையாது. பாட்டில் நடக்கிறது என்ன? ஒரு பையன் மாமி வீட்டு வாசலில் நின்னு, உங்க சின்ன மகள் எங்கேன்னு விசாரிக்கிறான். மாமியும் மருமகனை வரவேற்று, செல்லமாப் பதில் சொல்றாங்க. அவ்வளவுதான் கதை. இது ஒரு சாதாரண வாசல் பேச்சு. தத்துவமும் கிடையாது, நிலாவும் கிடையாது. அவரோட 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'ன்னு ஒரு பாட்டு. பேரைக் கேட்டா மதுவிலக்குப் பிரசாரம் மாதிரி இருக்கும். மெட்டைக் கேட்டா யாராச்சும் கூட வர்றீங்களாடான்னு கூப்பிடுற மாதிரி இருக்கும். அறிவுரை வாயில, குறும்பு தாளத்துல.

இதெல்லாம் சின்ன விஷயமாத் தோணலாம். ஆனா அந்தக் காலத்தை நினைச்சுப் பாருங்க. தமிழ்ல மரியாதைக்குரிய இசைன்னா ஒண்ணு கர்நாடக சங்கீதம், இல்லைன்னா பக்திப் பாட்டு. மீதி இடத்தையெல்லாம் சினிமா பிடிச்சிருந்தது. இலங்கைத் தமிழருக்கும் பாட்டுன்னா பெரும்பாலும் மெட்ராஸிலிருந்து வர்ற பாட்டுதான். அந்த நேரத்தில் சில இளைஞர்கள், எங்க வீட்டு வாசல்ல நாங்க பேசுற தமிழே பாட்டுக்குப் போதும்னு முடிவு பண்ணினாங்க. மாமி, மருமகன், கள்ளுக்கடை, கடற்கரைன்னு அவங்க தெருவே பாட்டுக்குள்ள வந்தது. ஒரு மொழி தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிறதுக்கு ஒரு தன்னம்பிக்கை வேணும். அந்தத் தன்னம்பிக்கையின் ஒலிப்பதிவுதான் இந்த ரெக்கார்டுகள்.

காலமும் கை கொடுத்தது. 1970ல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடிச்சது. தமிழ்நாட்டிலிருந்து போன பத்திரிகைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. வாசகர்களுக்கு அது கஷ்டம்தான். ஆனா உள்ளூர் எழுத்துக்கும் கலைக்கும் அதனாலேயே இடம் கிடைச்சது. வானொலி, விழா மேடை, இசைத்தட்டுன்னு பொப் பாட்டு பரவினது அந்த ஆண்டுகள்லதான்.

கொழும்பு பேசுகிறது

இப்ப இந்தக் கரைக்கு வருவோம். நான் ஜெகதாப்பட்டினத்துக்காரன். புதுக்கோட்டை மாவட்டம், மணமேல்குடி பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்துக்கு அடுத்து. வரைபடத்தைத் திறந்து ஸ்கேலை வெச்சுப் பாருங்க. எங்க ஊரிலிருந்து நேர்க்கோட்டில் திருச்சி சுமார் 100 கிலோமீட்டர். யாழ்ப்பாணமும் ஏறத்தாழ அதே தூரம்தான். ஒண்ணுக்கு பஸ் இருக்கு, இன்னொண்ணுக்கு நடுவுல பாக் விரிகுடா இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரேடியோ அலைக்கு அந்தக் கடல் ஒரு பொருட்டே கிடையாது. 1952ல் இந்தியாவின் ஒலிபரப்புத் துறை அமைச்சரா இருந்த பி.வி. கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுகளுக்குக் கடிவாளம் போட்டார். சாஸ்திரிய இசை வளரணும்னு அவருக்கு ஆசை. நடந்தது என்னன்னா, நாடு முழுக்க ஜனங்க ரேடியோ முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினாங்க. 1957ல் விவிதபாரதி தொடங்க வேண்டி வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா தமிழ்நாட்டின் கிழக்குக் கரை அதுக்கப்புறமும் இலங்கை வானொலியை விடலை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். இந்தக் குரல்களைச் சொந்தக்காரங்க குரல் மாதிரி நம்ம பெரியவங்க ஞாபகம் வெச்சிருக்காங்க. பொப் பாட்டுகளும் அந்த வழியாத்தான் கடல் தாண்டி வந்தது.

இப்ப 'சுராங்கனி'. ஏ.ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடிப் பிரபலமாக்கின பாட்டு. விஷயம் ரொம்ப எளிமை. சுராங்கனிங்கிற பெண்ணுக்கு மீன் வந்திருக்கு. அதைச் சொல்லிச் சொல்லிப் பாடுறதுதான் பாட்டு. பல்லவியிலேயே வர்ற 'மாலு'ங்கிற சிங்களச் சொல்லுக்கு அர்த்தம் மீன்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கலை. காலேஜ் லீவுல ஊருக்குப் போயிருந்தப்ப என் தாத்தா சொன்னது. ஹெட்போன்ல அந்தப் பாட்டு ஓடுறது வெளியிலயும் லேசாக் கேட்டிருக்கு. வலையில கிழிசல் பார்த்துக்கிட்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "மாலுன்னா என்னன்னு தெரியுமாடா?" நான் பொண்ணு பேரா இருக்கும்னேன். சிரிச்சார். "மீன்டா. கடல்ல அவனுக படகு பக்கத்துல வந்தா கேப்பானுக, மாலு இருக்கான்னு. நாங்க புகையிலை இருக்கான்னு கேப்போம்." அவர் ஒரு சிங்களச் சொல் கத்துக்கிட்ட இடம் நடுக்கடல். அந்தச் சொல்லை மறக்காம வெச்சிருந்தது இந்தப் பாட்டு.

பாட்டு அதோட நிக்கலை. 1977ல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் 'சுராங்கனி' சினிமாவுக்குள்ள வந்தது. பாடினவர் மலேசியா வாசுதேவன், கூட ரேணுகா. இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் பாருங்க. ஆப்பிரிக்கரும் போர்த்துக்கீசியரும் விட்டுப்போன தாளம். சிங்களமும் தமிழும் கலந்த வரிகள். கொழும்பிலிருந்து கிளம்பின மெட்டு. பண்ணைப்புரத்துக்காரர் இசை. மலேசியாவில் பிறந்தவர் குரல். ஒலிப்பதிவு மெட்ராஸ்ல. இந்துமாக் கடல் முழுசையும் ஒரு மீன் பாட்டுக்குள்ள அடைச்ச மாதிரி இருக்கு.

மனோகரன் நடிகராவும் இருந்தார். செங்கை ஆழியானோட 'வாடைக்காற்று' நாவல் 1978ல் இலங்கையில் படமா வந்தது. நெடுந்தீவுக் கரைக்கு மீன்பிடிக்க வந்து தங்குறவங்களோட கதை. அந்தப் படத்தில் அவர் நடிச்சார். பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து நிறையப் படங்கள்ல நடிச்சார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவரைப் பத்தின செய்திகள்ல 'சுராங்கனி'யும் கூடவே வந்தது.

அதே ஆண்டுகள்

இந்தப் பாட்டுகள் வந்த ஆண்டுகளை இன்னொரு பட்டியலுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் இதோட எடை புரியும்.

1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவாச்சு. அதே ஆண்டு ஜூன் மாசம் கச்சத்தீவு ஒப்பந்தம். 1976ல் இன்னொரு ஒப்பந்தம். கடல்ல கோடு விழுந்தது. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் மேல கொலைவெறித் தாக்குதல். அதுக்கப்புறம் 2009 வரைக்கும் போர். சிங்களமும் தமிழும் ஒரே பல்லவியில ஒண்ணாச் சிரிச்ச அந்தச் சில வருஷங்கள் இந்தத் தேதிகளுக்கு நடுவுல, ஒரு கதவு மூடுறதுக்கு முன்னாடி வந்த வெளிச்சம் மாதிரி நிக்குது. பாடினவங்களும் சிதறினாங்க. நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். புலம்பெயர்ந்த தமிழர் விழா மேடைகள்ல 'சின்ன மாமியே' இன்னைக்கும் ஒலிக்குது. வாசலே இல்லாத ஃபிளாட்டுகளில் மாமி வீட்டு வாசல் பாட்டு.

அந்தக் காலத்தில் எல்லாரும் ஒத்துமையா இருந்தாங்க, பாட்டு பாடினாங்கன்னு நான் கதை கட்டப் போறதில்லை. அப்பவும் பிரச்சினை இருந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழின்னு சட்டம் வந்தது 1956ல். பொப் பாட்டுகள் வரும்போது அந்தக் காயத்துக்கு வயசு பத்துக்கு மேல. அதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இவங்க விளையாடினாங்க. எனக்கு முக்கியமாப் படுறது அதுதான். ஒண்ணும் தெரியாம சிரிக்கிறது வேற, தெரிஞ்சும் சிரிக்கிறது வேற.

எங்க ஊருக்கு இது பழைய கதையும் இல்லை. ஜெகதாப்பட்டினம்னு கூகுள் பண்ணிப் பாருங்க. முதல்ல வர்றது என்ன? இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்தது, விசைப்படகு பறிமுதல், சாலை மறியல். எங்க தெருவுல அந்தச் செய்தி வந்தா எந்த வீட்டுல அடுப்பு எரியலைன்னு எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரி அந்தப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. வடக்கு மாகாணத்து மீனவர்களும் தமிழர்கள்தான். போர் முழுக்கக் கடலுக்குப் போகவே முடியாம இருந்து, இப்பத்தான் வலை வீசுறாங்க. நம்ம இழுவைமடி அவங்க வலையை அறுத்துட்டுப் போகுதுன்னு அவங்க கேட்கிற கேள்விக்கு எங்க ஊர்லயும் நேரா பதில் சொல்றவங்க குறைவு. இலங்கை 2017ல் இழுவைமடி மீன்பிடிப்பையே சட்டம் போட்டுத் தடை செஞ்சது. ஒரே மொழி, ஒரே மீன், ஆனா பேச்சுவார்த்தை மேசையில உட்கார்ந்தா இரண்டு பக்கமும் வெறும் புகார்தான்.

ஒரு பாட்டு இதைத் தீர்க்காது. ஆனா இந்தக் கடலைப் பத்திப் பேச இன்னொரு தொனி இருந்ததுன்னு அது ஞாபகப்படுத்தும். ஒருத்தர் மீன் கொண்டு வர்றார், இன்னொருத்தர் வாங்கிக்கிறார், நடுவுல கொஞ்சம் கேலி, கொஞ்சம் ஆட்டம். என் தாத்தாவுக்கு எதிர்ப் படகுன்னா மாலு கேட்கிற ஆள். என் வயசுப் பசங்களுக்கு எதிர்ப் படகுன்னா யூனிஃபார்ம். இரண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு தலைமுறைதான்.

எப்படிக் கேட்கலாம்?

பிளேலிஸ்ட் போடுறவங்களுக்கு என் வரிசை இது. முதல்ல ஒரு பழைய சிங்களப் பைலா, தாளம் காதுல உட்காரட்டும். அப்புறம் பரமேஸ் பாட்டு ஒண்ணு. அதில் குறும்பு குறைவு, காதல் கூட. கிட்டாரோட தனியா நிக்கிற தமிழ்க் குரல் எப்படி இருக்கும்னு தெரியும். மூணாவதா 'சின்ன மாமியே'. நாலாவதா மனோகரனோட 'சுராங்கனி'. கடைசியா இளையராஜாவோட 'சுராங்கனி'. கடைசி இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டா, விழா மேடையில கூட்டத்தைப் பார்த்துப் பாடின ஒரு பாட்டு சினிமா ஸ்டூடியோவுக்குள்ள வரும்போது என்ன கூடுது, என்ன குறையுதுன்னு நீங்களே கண்டுபிடிப்பீங்க. ஹெட்போன் போட்டுக் கேட்கிறவங்க பின்னாடி வர்ற கூட்டுக் குரல்களைக் கவனிங்க. சுத்தமான சுருதியில நிக்கணும்னு யாரும் மெனக்கெடலை. நண்பர்கள் சேர்ந்து பாடினா எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ஆட்டோட்யூன்ல வளர்ந்த நம்ம காதுக்கு அது முதல்ல உறுத்தும். இரண்டாவது தடவை அதுதான் பிடிக்கும்.

கடைசியா ஒரு உதவி. இந்தப் பாட்டுகளோட பழைய இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் எங்கெங்கோ பரண்ல தூங்குது. யூட்யூப்ல கிடைக்கிறதில் நிறைய, யாரோ ஒருத்தர் தன் வீட்டு கேசட்டிலிருந்து ஏத்தினது. யார் கிட்டார், யார் தாளம்னு ஒரு விவரமும் இருக்காது. கேசட் டேப்புக்கு ஆயுசு உண்டு. பூஞ்சை பிடிச்சாப் போச்சு. உங்க வீட்டுல நாகப்பட்டினம், ராமேஸ்வரம், புதுக்கோட்டைக் கரைப் பக்கம் பெரியவங்க இருந்தா, இல்லை இலங்கையிலிருந்து வந்த சொந்தக்காரங்க இருந்தா, இந்த வாரம் ஒரு போன் போடுங்க. கேசட் இருக்கான்னு கேளுங்க. இருந்தா அட்டையை, அதில் இருக்கிற பேரோட சேர்த்து, ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. இல்லைன்னா ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு, 'சுராங்கனி' தெரியுமான்னு மட்டும் கேளுங்க. அவங்க பாட ஆரம்பிச்சிடுவாங்க. பாட்டு முடிஞ்சதும் போனை வெச்சிடாதீங்க, அதுக்கப்புறம் அவங்க பேசப் போறதையும் பதிவு பண்ணுங்க.